18 வோல்ட்டா, 21 வோல்ட்டா? பேட்டரியைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: வணக்கம் சார். புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். திரைச்சீலைக் கம்பி, சுவர் அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி, பெட்டியில் பிரித்து வரும் கட்டில், மேசை என்று மாட்டவும் பூட்டவும் நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடி அலுத்துவிட்டது. நானே செய்துகொள்ளலாம் என்று கார்ட்லெஸ் செட் பார்க்கிறேன். ஒன்றில் ட்ரில், ஜிக்சா, இரும்பு அறுக்கும் கிரைண்டர், விளக்கு என ஆறு மெஷின், 21 வோல்ட், கூடவே 108 உருப்படிகள். இன்னொன்றில் 18 வோல்ட் ஹாமர் ட்ரில் ஒன்று, பேட்டரி இரண்டு, அவ்வளவுதான். விலை ஏறக்குறைய ஒன்றே. 21 தானே பலம் அதிகம்? பக்கத்து வீட்டு கார்ட்லெஸ் ட்ரில்லை இரவல் வாங்கி ஜன்னலுக்கு மேலே துளை போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கி, அதற்குமேல் நகரவே இல்லை. அதனால் பலம் குறைந்ததை வாங்கப் பயமாக இருக்கிறது. முதல் தடவை பேட்டரியை முழுக்கத் தீர்த்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

பதில்: இரண்டாவது செட்டை வாங்குங்கள். ஜன்னலுக்கு மேலே துளை இறங்காததற்குக் காரணம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இந்த 18, 21 கணக்கு. இரண்டு பேட்டரிக்குள்ளும் இருப்பது ஒரே சமாசாரம்தான்: ஐந்து லித்தியம் செல், ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. ஒரு செல் வேலை செய்யும்போது சராசரியாக 3.6 வோல்ட் தரும். ஐந்தைப் பெருக்கினால் 18. அதே செல் சார்ஜரிலிருந்து எடுத்த நிமிடத்தில் 4.2 வோல்ட் காட்டும். ஐந்தைப் பெருக்கினால் 21. ட்ரில்லை அழுத்திய உடனே அந்த 21 இறங்கிவிடும். ஒரு கம்பெனி சராசரியை அச்சடிக்கிறது, இன்னொன்று உச்சத்தை அச்சடிக்கிறது. டிவால்ட் ஒரே மெஷின் வரிசையை அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்றும் ஐரோப்பாவில் '18 வோல்ட்' என்றும் விற்கிறது. 10.8, 12 என்று இரண்டு விதமாக எழுதுவதும் இதே கதைதான். அதில் மூன்று செல்.

இதுவாவது கணக்குக்குள் நிற்கிறது. 48, 88, 128 என்று பெரிய எழுத்தில் போட்டு வருகிறதே, அது வாங்குபவரை ஏமாற்றுவதற்கென்றே அடித்த எண். பழுது பார்க்க என் மேசைக்கு வந்த ஒன்றில் 88 என்று இருந்தது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன். பத்து செல் வைக்கிற கூட்டில் ஐந்து செல்தான் இருந்தது. மீதி இடம் வெறும் காற்று. மீட்டரை வைத்தால் 20.4. கொண்டுவந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை நம்பித்தானே சார் இன்னும் ரெண்டு மெஷின் வாங்கினேன்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பெட்டியின் மேல் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குப் பல வருடக் கோபம்.

நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டாம், தராசு போதும். வழக்கமான அளவு செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது, ஏறக்குறைய 45 கிராம் இருக்கும். 18 வோல்ட், 6 ஆம்பியர்-அவர் என்று எழுதிய பேட்டரிக்குள் இந்த அளவு செல்லில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை, குறைந்தது பத்து செல் இருந்தாக வேண்டும். செல்லின் எடையே 450 கிராம், கூடு தனி. அப்படி எழுதிய பேட்டரி மொத்தமே 350 கிராம்தான் நிற்கிறது என்றால் எழுதியது பொய்.

ஆம்பியர்-அவர் என்பது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. வோல்ட்டால் அதைப் பெருக்கினால் வாட்-அவர். நல்ல கம்பெனிகள் இந்த எண்ணைப் பேட்டரியின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். எதை ஒப்பிட்டாலும் இந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

இந்தக் கணக்கை ஆறு மெஷின் செட்டுக்குப் போட்டுப் பாருங்கள். கிரைண்டர் இரும்பை அறுக்கும்போது 400 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 36 வாட்-அவர் பேட்டரி ஐந்தரை நிமிடத்தில் காலி. அதற்குள் பேட்டரி கை வைக்க முடியாத சூடாகிவிடும். ஆறு மெஷினுக்கும் சேர்த்து இரண்டு சின்ன பேட்டரி வைத்த செட் என்றால் அவற்றில் மூன்று மெஷின் அலமாரியிலேயே தூங்கும். நீங்கள் எழுதிய வேலைப் பட்டியலில் கிரைண்டருக்கு வேலையே இல்லை. ஜிக்சாவும் பலகை அறுக்க வரும்போது தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

108 உருப்படி என்பதும் எண்ணிக்கை காட்டும் வேலைதான். ட்ரில்லின் முனையில் மாட்டும் ஸ்க்ரூ பிட்டும், ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த் துளையில் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் சேர்த்துத்தான் நூறைத் தாண்டும். பிட்டுகள் மெத்தென்ற இரும்பாக இருந்தால் பத்து ஸ்க்ரூவில் முனை மழுங்கி, ஸ்க்ரூவின் தலையையும் தின்றுவிடும். அந்தப் பணத்துக்கு நல்ல பிட் நாலு வாங்கினால் போதும். சுவர் துளைக்கும் பிட்டை வாங்கும்போது முனையை வெளிச்சத்தில் பாருங்கள். தண்டின் நுனியில் வேறு நிறத்தில் தனித் துண்டு ஒன்று குறுக்கே பதித்திருக்கும். அது கார்பைடு, இரும்பைவிடக் கடினமான பொருள். நுனிவரை ஒரே உலோகமாக இருந்தால் அது மரத்துக்கோ இரும்புக்கோ உள்ள பிட். சுவரில் வைத்தால் அன்றோடு சரி.

நீங்கள் ட்ரில் வாங்குவதாக நினைக்கிறீர்கள். உண்மையில் வாங்குவது பேட்டரியைத்தான். ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது. நாளைக்கு ஜிக்சா வேண்டுமென்றாலும் இதே பேட்டரி ஏறும் மெஷினைத்தான் தேடிப் போவீர்கள். ஒரே கம்பெனிக்குள்ளும் இந்தச் சுவர் உண்டு. பாஷ் கம்பெனியின் நீல நிற 18 வோல்ட் பேட்டரி அதே கம்பெனியின் பச்சை நிற மெஷினில் ஏறாது. மகிட்டாவில் எல்.எக்ஸ்.டி. வரிசையும் ஜி வரிசையும் இரண்டுமே 18 வோல்ட்தான், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றதில் உட்காராது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கெல்லாம் ஒரே சார்ஜிங் துளை என்று சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியது. அதே மனசு ட்ரில் பேட்டரிக்கு யாருக்கும் வரவில்லை. 2018-ல் தொடங்கிய சி.ஏ.எஸ். கூட்டணி மாதிரி சில கம்பெனிகள் பேட்டரியைப் பொதுவாக்கியிருக்கின்றன. ஆனால் பெரிய கம்பெனிகள் ஆளுக்கொரு வேலி போட்டுக்கொண்டு நம்மை உள்ளே அடைக்கின்றன. அதனால் ட்ரில்லைப் பார்க்கும் முன், அந்தப் பேட்டரி வரிசையில் வேறு என்னென்ன மெஷின் கிடைக்கிறது, இரண்டு வருடம் கழித்தும் பேட்டரி தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பெயரே கேள்விப்படாத செட்டுகளில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் வராது.

வேலியைத் தாண்ட அடாப்டர் என்று ஒன்று விற்கிறார்கள், ஒரு கம்பெனியின் பேட்டரியை இன்னொன்றின் மெஷினில் மாட்டுவதற்கு. வேண்டாம். பேட்டரி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு சில கம்பெனிகளில் பேட்டரிக்குள் இருக்கும், சிலவற்றில் மெஷினுக்குள் இருக்கும். இரண்டையும் தவறாகச் சேர்த்தால் பாதுகாப்பு எங்கேயுமே இல்லாமல் போகும். செல் அடிமட்டம் வரை வற்றிச் செத்துவிடும். செத்த செல்லை வலுக்கட்டாயமாக சார்ஜ் ஏற்றுவது தீ விபத்துக்கு வழி. பழைய கூட்டுக்குள் "புது செல் மாற்றித் தருகிறோம்" என்பவர்களிடமும் கவனமாக இருங்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய செல்லைப் போட்டுக் கொடுத்ததை நானே திறந்து பார்த்திருக்கிறேன். லேப்டாப் செல் மெதுவாக மின்சாரம் கொடுத்துப் பழகியது, ட்ரில்லின் இழுப்பைத் தாங்காது.

இப்போது ஜன்னலுக்கு மேலே உள்ள துளைக்கு வருவோம். அங்கே நீங்கள் துளைத்தது செங்கல்லை இல்லை. ஜன்னல், கதவுத் திறப்பின் மேல் சுவரின் பாரத்தைத் தாங்க ஒரு கான்கிரீட் உத்தரம் போட்டிருப்பார்கள், அதுதான் லிண்டல். திரைச்சீலைக் கம்பியின் பிராக்கெட் பெரும்பாலும் சரியாக அதன்மேல்தான் வந்து விழும். முதலில் மேல்பூச்சு சுலபமாக இறங்கும், பிறகு ட்ரில் வழுக்கிச் சுற்றும், பிட் சூடாகி நீலம் பாயும். உதிரும் தூளைப் பாருங்கள். பூச்சு தாண்டிய பிறகு சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பல் நிறமாகவே வந்துகொண்டிருந்தால் கான்கிரீட். தூணும் பீமும் கூரைத் தளமும் இதே கதைதான்.

கார்ட்லெஸ் ஹாமர் ட்ரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிக் குதிக்கும். நிமிடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் அடி, ஆனால் ஒவ்வொன்றும் கொசுக்கடி. அதற்கும் பின்னாலிருந்து நீங்கள்தான் உடம்பைக் கொடுத்து அழுத்த வேண்டும். செங்கலுக்கு இது தாராளம். கான்கிரீட்டுக்கு வேண்டியது ரோட்டரி ஹாமர். அதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டைத் தூக்கி எறிந்து பிட்டின் பின்புறம் அடிக்கும். நிமிடத்துக்கு நாலைந்தாயிரம் அடிதான், ஒவ்வொன்றும் சுத்தியல் அடி. நீங்கள் அழுத்தவே வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும். பிட்டும் வேறு. தண்டில் பள்ளம் வெட்டிய எஸ்.டி.எஸ். பிட், சாதாரண ட்ரில்லில் மாட்டாது.

இரண்டு பிராக்கெட்டுக்காக அதை வாங்காதீர்கள். முதல் வழி: ஜன்னலுக்கு மேலே இடம் இருந்தால் பிராக்கெட்டை லிண்டலுக்கும் மேலே, செங்கல் தொடங்கும் இடத்துக்கு ஏற்றிவிடுங்கள். திரை கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும், அவ்வளவே. இடமில்லை என்றால், வீட்டில் கான்கிரீட்டில் போட வேண்டிய எல்லாத் துளைகளுக்கும் பென்சிலால் குறி போட்டு வைத்துவிட்டு, வயர் உள்ள ரோட்டரி ஹாமரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். துளைக்கும்போது பிட் டங்கென்று நின்று மேற்கொண்டு இறங்கவில்லை என்றால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். நிறுத்திவிட்டு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள், அந்தக் கம்பியை அறுக்க முயற்சிக்கக் கூடாது. துளை ஆழம் வந்ததும் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்கை அடியுங்கள். உள்ளே தூள் நின்றால் பிளக் முழுதாக இறங்காது, பாரம் ஏறியதும் பிடுங்கிக்கொண்டு வரும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஸ்விட்ச், பிளக் பாயிண்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் வயர் ஓடும், அந்தக் கோட்டில் எங்கேயும் துளைக்க வேண்டாம்.

நீங்கள் எடுக்கப்போகும் ட்ரில்லில் சுத்தியல் படம் போட்ட நிலை இருக்கிறதா, இரண்டு வேகம் உண்டா, முன்னால் எண் போட்ட வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டில், மேசை பூட்டும்போது அந்த வளையத்தைச் சின்ன எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். ஸ்க்ரூ இறுகியதும் டரடரவென்று விட்டுவிடும், பலகை பிளக்காது. முறுக்குத் திறன் 50 நியூட்டன்-மீட்டர் இருந்தால் வீட்டுக்கு ஏராளம். பெட்டியில் 'இம்பாக்ட் டிரைவர்' என்று இருந்தால் அது வேறு சாமான். அது ஸ்க்ரூவைச் சுற்றும் திசையில் அடிக்கும், சுவரை நோக்கி அடிக்காது. பெயரைப் பார்த்து ஏமாந்து அதைச் சுவரில் வைத்துப் போராடுகிறவர்கள் நிறைய பேர். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் நல்லதுதான், ஆனால் மாதத்துக்கு நாலு துளைக்கு அதற்கென்று கூடுதல் செலவு வேண்டாம்.

பேட்டரி 2 ஆம்பியர்-அவர் இரண்டு, ஒரே பெரிய பேட்டரியைவிட மேல். ஒன்று சார்ஜில் கிடக்க இன்னொன்று வேலை பார்க்கும், கையும் வலிக்காது. பெட்டியைக் கடையிலேயே திறந்து இரண்டும் சார்ஜரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'பேர் டூல்', 'சோலோ' என்று எழுதியிருந்தால் உள்ளே பேட்டரி இருக்காது. பேட்டரியின் தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள், லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் வயதாகும். மெஷினுக்கும் பேட்டரிக்கும் வாரண்டி காலம் வேறு வேறாக இருக்கலாம். பேட்டரிக்கு எத்தனை மாதம் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள், வாய்வார்த்தை நிற்காது.

முழுக்கத் தீர்த்துவிட்டு சார்ஜ் போடச் சொன்னது பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அது கெடுதல். வந்த அன்றே சார்ஜ் ஏற்றி வேலையைத் தொடங்குங்கள். வேகம் குறைவது தெரிந்ததும் கழற்றி மறுபடி போடுங்கள். வேலை முடிந்து மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.