நீலமாக எரிந்தால் சூடு அதிகமா? கேட்டவர்களுக்குப் பதில்

காஸ் வெல்டிங் பட்டறையில் முப்பது வருடம் ஓட்டியவன் என்பதால், சுடர் பற்றிய கேள்விகள் எல்லாம் என்னிடமே வருகின்றன. இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

கேள்வி: ஐயா, எங்கள் அடுப்பு சில நாளாக மஞ்சளாக எரிகிறது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. சிலிண்டரில் கலப்படமா?

சிலிண்டரைச் சந்தேகப்படும் முன் பர்னரைப் பாருங்கள் அம்மா. காஸோடு போதிய காற்று கலக்காவிட்டால் கரித்துகள் முழுசாக எரியாது. பழுக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிரும் அந்தத் துகள்தான் பாத்திரத்தில் ஒட்டுகிறது. பர்னர் ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருந்தாலும் இதே கதைதான். அதுவரை ஜன்னலைத் திறந்து வையுங்கள். அரைகுறையாக எரியும் காஸிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும், அதற்கு வாசனையே கிடையாது.

சோறு பொங்கி வழியும்போது ஒரு நிமிடம் ஆரஞ்சாகத் தெரிவது வேறு. அது கஞ்சியில் உள்ள உப்பின் சோடியம். அதற்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: குழாய் காஸுக்கு மாறினோம். நீலமாகத்தான் எரிகிறது, ஆனால் சூடு பத்தவில்லை. ஏன்?

சுடரின் வெப்பநிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன், காற்றில் சரியாகக் கலந்தால் சுமார் 1950 டிகிரி. சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் ஒரு லிட்டர் மீத்தேன் எரிந்து கொடுக்கும் வெப்பம், ஒரு லிட்டர் சிலிண்டர் காஸ் கொடுப்பதில் பாதிகூட வராது. அதனால் ஜெட், அதாவது பர்னருக்குள் காஸை விடும் சின்ன முனை, அதன் ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும். பழைய ஜெட்டையே விட்டுவிட்டார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பட்டறையில் புதுசு. அசிட்டிலின் சுடரை எப்படிச் சரி பார்ப்பது?

தம்பி, இதைக் கண்ணால்தான் பழக வேண்டும். முதலில் அசிட்டிலினை, அதாவது வெல்டிங் காஸை மட்டும் பற்றவை. மஞ்சளாக எரிந்து, கருப்பு நூல் நூலாகக் கரி பறக்கும். ஆக்ஸிஜனை மெதுவாகத் திற. டார்ச்சின் வாய் முனையில் வெள்ளையாக ஒரு கூம்பும், அதைச் சுற்றி இறகு மாதிரி ஒரு ஓரமும் தெரியும். இன்னும் கொஞ்சம் திற. இறகு சுருங்கிச் சுருங்கிக் கூம்போடு ஒட்டி மறையும் இடத்தில் கையை நிறுத்து. அதுதான் நியூட்ரல், அதாவது இரண்டு காஸும் சரியளவில் கலந்த சுடர், சுமார் 3100 டிகிரி. அதிகச் சூடு கூம்பின் உள்ளே இல்லை, அதன் நுனிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது.

அதற்கு மேலும் ஆக்ஸிஜன் விட்டால் கூம்பு குட்டையாகி, 'உஸ்' சத்தம் கூடும். சூடும் கொஞ்சம் ஏறும். ஆனால் இரும்பு எரிந்து பொறி பறக்கும், ஒட்டிய இடம் உடையும். பித்தளைக்கு மட்டும் லேசாக அப்படி வைப்போம்.

கேள்வி: அப்படியானால் விலை குறைந்த சிலிண்டர் காஸிலேயே ஆக்ஸிஜன் சேர்த்து வெல்டிங் பண்ணலாமே?

வெட்டலாம், பிரேஸிங் (இரும்பை உருக்காமல், இடையில் வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுவது) பண்ணலாம். இரும்பை உருக்கி ஒட்டுவதற்கு ஆகாது. சுமார் 2800 டிகிரி கிடைத்தாலும் வெப்பம் வெளிச்சுடரில் பரவிக் கிடக்கும், கூம்பு நுனியில் குவியாது.

கேள்வி: சார், பள்ளி மாணவன். ஹைட்ரஜன் சுடர் என்ன நிறம்?

பகலில் ஏறக்குறைய நிறமே தெரியாது. மீத்தேன் சுடரில் தெரியும் நீலம், எரியும்போது நொடிப்பொழுது உருவாகும் கார்பன் கலந்த துணுக்குகள் விடும் ஒளி. ஹைட்ரஜனில் கார்பனே இல்லை. ஆனால் காற்றில் எரியும்போது 2100 டிகிரியைத் தொடும், அடுப்பு நீலத்தைவிடச் சூடு! ஹைட்ரஜனை எரிபொருளாக வைத்திருந்த அமெரிக்க ராக்கெட் தளங்களில், கண்ணுக்குத் தெரியாத கசிவு நெருப்பைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தார்கள். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம்.