உறையில் அப்பா பெயர் எங்கே?

கேள்வி: எனக்கு 56 வயது. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தொண்ணூறுகளில் கொழும்புக்குப் போய் டிரம் மெஷினும் கீபோர்டும் வைத்து டெக்னோ என்கிற மின்னணு நடன இசை செய்தவன். மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் அப்பா அடித்த தப்பு மேளத்தைப் பதிவுசெய்துதான் முதல் கேசட்டையே கட்டினேன். இன்றைக்குப் பையன்கள் என் அடியை எடுத்துப் போடுகிறார்கள், பெயரை மட்டும் சொல்வதில்லை. டெக்னோவை உருவாக்கிய அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கறுப்பின இளைஞர்களுக்கும் இதே கதிதானே? அப்பா தோட்டத்து லயத்து வீட்டில் தங்கச்சியோடு இருக்கிறார். நான் சுயசரிதை எழுதலாமா?
- வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, புத்தகத்தை அப்புறம் பார்ப்போம். பெயர் போச்சே என்று எனக்கு எழுதுகிற கலைஞர்கள் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் கேசட் உறையில் தப்பு அடித்தவர் பெயர் இருக்கிறதா? இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். இந்தக் கடிதத்தில்கூட அவர் வெறும் 'அப்பா'தான்.

டெட்ராய்ட் உதாரணம் சரிதான். அந்த இளைஞர்களில் ஒருவரான ஹுவான் அட்கின்ஸ் 1981இலேயே ரிக் டேவிஸுடன் சேர்ந்து சைபோட்ரான் என்ற பெயரில் இசைத்தட்டுப் போட்டார், பிறகு டெக்னோ ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்தது, அதற்கு ஆடுகிற எத்தனையோ பேருக்கு அவர் யாரென்றே தெரியாது. அது அநியாயம் என்றால் நீங்கள் செய்தது என்ன?

ஏன் போடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தப்பு என்றால் சாதி கேட்பார்கள், சாவு வீட்டு மேளம் என்பார்கள், அந்தக் கூச்சம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஆள் எழுப்பியதும் அந்தத் தப்புதான், மாசியில் ரதியும் மன்மதனும் ஆடியதும் அதற்குத்தான். நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் போதாதென்று மறுபடி காய்ச்சி அவர் அடித்த அடியைத்தானே உங்கள் மெஷின் திரும்பத் திரும்ப ஓட்டியது? பெற்றவர் பெயரைச் சபையில் சொல்வது பிள்ளையின் கடமை. அதைச் செய்யாதவருக்கு ஊரார்மேல் கோபப்பட உரிமை இல்லை.

தங்கச்சியையும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அப்பாவுக்குச் சோறு போட்டு, மருந்து வாங்கிக் கொடுத்து இத்தனை காலம் பார்த்தது அவள். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா என்ன தூரதேசமா?

மாசி வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். லயத்துச் சனத்தைக் கூட்டிவைத்து அப்பாவுக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டுங்கள். எந்த அடி எதற்கு, யாரிடம் கற்றார் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவுசெய்யுங்கள். இணையத்தில் உங்கள் பாட்டு இருக்கிற இடத்திலெல்லாம் தப்பு அடித்தவர் இன்னார் என்று முழுப் பெயரோடு போடுங்கள், வருகிற காசில் அவர் பங்கு தங்கச்சி கைக்குப் போகட்டும். இதெல்லாம் நடந்த பிறகு எழுதுங்கள், சுயசரிதை பற்றி அப்போது பேசலாம்.