ஸ்கேன் சென்டரா, சீனியர் ரெசிடென்டா?

எம்டி ரேடியாலஜி முடித்தாயிற்று, கடலூரிலேயே நல்ல சம்பளத்துக்கு ஸ்கேன் சென்டரா, புதுச்சேரி ஜிப்மரில் சீனியர் ரெசிடென்டா (எம்டி முடித்தவர்கள் மருத்துவக் கல்லூரியில் குறிப்பிட்ட காலத்துக்குப் பார்க்கும் வேலை) என்று கேட்டிருக்கிறீர்கள். பாடம் எடுக்கும் ஆசை கொஞ்சமாவது இருந்தால் முதலில் ரெசிடென்சி. சென்டரில் எத்தனை வருடம் உழைத்தாலும் அது கற்பித்தல் அனுபவமாகக் கணக்கில் வராது. மற்ற மருத்துவக் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியராக ஒரு வருட ரெசிடென்சி போதும். ஜிப்மர் மாதிரி இடங்களில் எம்டிக்குப் பிறகு 3 வருட அனுபவம் கேட்பார்கள். அங்கே பேராசிரியர்கள் வெளியே பிராக்டீஸ் செய்ய முடியாது. இதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு சண்டைதான்.

நான் இரண்டிலும் இருந்தவன். சென்டரில் நாளெல்லாம் வயிற்று அல்ட்ராசவுண்ட், நடுநடுவே கர்ப்பிணிகளை ஸ்கேன் செய்தால் சட்டப்படி நிரப்ப வேண்டிய ஃபார்ம் எஃப். 'பித்தப்பைக் கல்' என்று எழுதி அனுப்பியதோடு சரி, அந்த நோயாளி என்ன ஆனார் என்றே தெரியாது. கல்லூரியில் தப்பிக்க முடியாது. குடல்வால் நார்மல் என்று நான் எழுதிய ஒரு சிடி ஸ்கேனை, ஆபரேஷன் செய்த சர்ஜன் மறுநாள் மாணவர்கள் முன்னாலேயே திறந்து காட்டினார். வீக்கம் நுனியில் மட்டும் இருந்தது. காது சிவந்துவிட்டது. அன்றிலிருந்து நுனிவரை தேடாமல் ரிப்போர்ட் எழுதியதில்லை.

அம்மா அப்பாவைத் தனியாக விட முடியாது என்றீர்களே, கடலூரிலிருந்து ஜிப்மர் இருக்கும் கோரிமேடு தினமும் போய்வரக்கூடிய தூரம்தான். அப்புறம், சேருமுன் அங்கே இப்போது இருக்கும் ரெசிடென்ட் யாரிடமாவது நைட் டூட்டி எத்தனை என்று கேட்டுவிடுங்கள்.