ஹெம்மிங் தெரிந்த கைக்கு அங்கே வேலை இருக்கிறது

கேள்வி: மதுரையில் வீட்டிலேயே டெய்லரிங் செய்துவந்தேன். பிளவுஸ், பாவாடை, சுடிதார் என்று எங்கள் தெருவே என்னிடம்தான் தைக்கக் கொடுக்கும். கணவர் காலமான பிறகு மகன் கனடாவுக்கு அழைத்துக்கொண்டான். ஒன்டாரியோவில் சின்ன ஊர். தமிழ்க் குடும்பம் என்று எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் தைப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், மாதம் ஒருமுறை கூடும் குயில்ட் கில்டுக்கு, அதாவது குயில்ட் தைப்பவர்களின் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். சந்தா கட்டிச் சேர்ந்தேன். சர்ச் ஹால் நிறையப் பெண்கள். ஆனால் டீ நேரத்தில் அவரவர் கூட்டாளிகளோடு பேசுகிறார்கள், நான் மூலையில் நிற்கிறேன். போன மாதம், செய்ததை எடுத்துக் காட்டும் நேரத்தில், என் பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்ததைக் காட்டினேன். கைதட்டினார்கள். அப்புறம் ஒரு அம்மாள் வந்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "தையல் கால் இன்ச் வரவில்லையே" என்றார். "துணியை முதலில் துவைத்தீர்களா, சாயம் போகாதா?" என்றும் கேட்டார். இத்தனை வருஷம் தைத்தவளுக்கு முகம் வாடிவிட்டது. மகனோ, "எதுக்கும்மா காசு கட்டிப் போகணும்? தைச்சு வித்தா காசாவது வரும்" என்கிறான். தொடர்ந்து போகட்டுமா, விட்டுவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒன்டாரியோ

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

விடாதீர்கள், போங்கள். அடுத்த கூட்டத்தில் டீ நேரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளே நுழைந்ததும், தானமாகக் கொடுக்கும் குயில்ட்களைக் கவனிக்கும் பெண் யார் என்று விசாரித்து நேராக அவரிடம் போய், "ஐ கேன் டூ ஹேண்ட் பைண்டிங்" என்று சொல்லுங்கள். அந்த வரி எழுபது பேர் இருக்கும் ஹாலில் உங்களுக்கு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் வசித்த வருஷங்களில் நானும் ஒரு கில்டில் இருந்தவள்.

மற்ற வாசகிகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். குயில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த முகப்பு, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஊடே தையல் போட்டு, கடைசியில் நான்கு ஓரத்தையும் ஒரு பட்டையால் மூடுவார்கள். அந்த ஓரப்பட்டைதான் பைண்டிங். இரண்டரை இன்ச் அகலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, முகப்புப் பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பி, வெளியே தெரியாமல் கையால் தைத்து முடிப்பது வழக்கம். 60க்கு 80 இன்ச் குயில்ட் என்றால் சுற்றளவு 280 இன்ச். ஏழு மீட்டருக்கும் மேல் கையால் ஹெம்மிங் செய்ய வேண்டும். மூலைகளில் பட்டை சரியாக மடிந்து சாய்கோடாக உட்கார வேண்டும். கில்டுகளில் துண்டு துண்டாகச் சேர்ப்பதற்கு ஆள் அலைமோதும். இந்த ஓர வேலைக்கு ஆள் தேடுவார்கள். வயதான விரல்களுக்கு அது வலி. இளையவர்களில் பலர் கைத்தையலே பழகாதவர்கள். எத்தனையோ குயில்ட்கள் பைண்டிங்குக்காகவே மாதக்கணக்கில் பையில் கிடக்கும். பிளவுஸுக்கு ஹெம்மிங், ஹூக், காஜா என்று கையாலேயே முடித்துப் பழகிய உங்களுக்கு இது டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலை.

இரண்டு முடித்துக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது முறை நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்காது.

மாதக் கூட்டத்தை மட்டும் வைத்து கில்டை எடைபோட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கூட்டத்தில் நடப்பது பாதி நிர்வாகம்: கணக்கு, அறிவிப்பு, அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுப்பது. மீதியில் ஒரு பேச்சாளர், அப்புறம் செய்ததைக் காட்டும் நிகழ்ச்சி. டீ நேரத்தில் தெரிந்தவர்களோடு பேசத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதில் உங்கள் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. நம் ஊர்க் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவர் கடைசிவரை விருந்தாளி. முதல் நாள் ராத்திரி காய் நறுக்க உட்கார்ந்தவர் விடிவதற்குள் வீட்டு ஆள். கில்டில் அந்தக் காய் நறுக்குமிடம் வேறு நாளில் இருக்கிறது. பெரும்பாலான கில்டுகளில், காலையிலிருந்து மாலைவரை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்து தைக்கிற நாள் ஒன்று உண்டு. எட்டுப் பத்துப் பேர் யாராவது ஒருவர் வீட்டில் கூடும் சிறு குழுக்களும் உண்டு. அவற்றை 'குயில்டிங் பீ' (bee) என்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். எட்டு பேர் உட்கார்ந்த மேஜையில் உங்கள் கை வேலையைப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. உங்கள் இங்கிலீஷுக்காகவும் கவலைப்பட வேண்டாம். நூல், ஊசி, இஸ்திரி, கத்தரி பற்றிய பேச்சு சீக்கிரம் பிடிபடும்.

இனி அந்த அம்மாள் சொன்னது. முகம் வாடியது நியாயம். முன்பின் பழகாதவரின் வேலையைத் திருப்பிப் பார்த்துக் குறை சொல்வது அங்கேயும் மரியாதைக்குறைவுதான். அப்படிச் செய்பவர்களுக்கு அவர்களே 'குயில்ட் போலீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் சொன்ன விதத்தை ஒதுக்கிவிட்டு, சொன்ன இரண்டு விஷயங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியானவை.

கால் இன்ச் விஷயம். நாம் பிளவுஸ் தைக்கும்போது பின்னால் பிரித்து விடுவதற்காக உள்ளே தாராளமாகத் துணி விடுவோம். அந்தக் கணக்கில் அரை நூல் கூடினாலும் குறைந்தாலும் உடம்பில் தெரியாது. குயில்டில் துணி விடுவது கால் இன்ச் மட்டும், எல்லா இடத்திலும் ஒரே அளவு. ஒவ்வொரு தையலிலும் நீங்கள் ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் கூட எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு பக்கத் துணியிலும் அது போகும், ஆக ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு. எட்டுத் துண்டு சேர்ந்த வரிசையில் ஏழு தையல். முடிவில் வரிசை கிட்டத்தட்ட ஒரு இன்ச் குட்டை. பக்கத்து வரிசையை வேறொருவர் தைத்திருந்தால் இரண்டும் சேராது. பல பேர் கை சேர்ந்து ஒரே குயில்ட் செய்கிற இடத்தில் அந்தக் கால் இன்ச்தான் பொதுச்சட்டம். பழகுவதற்கு ஒரு சுலப வழி: மெஷினின் பாதத்துக்குப் பக்கத்தில், ஊசியிலிருந்து சரியாகக் கால் இன்ச் தள்ளி, தட்டின்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும். தைத்ததும் தையல் துணியை நாம் விரித்து இஸ்திரி போடுவதுபோல் போடாமல், ஒரு வரிசையில் எல்லாவற்றையும் வலப்பக்கமும் அடுத்த வரிசையில் இடப்பக்கமும் சாய்த்து அழுத்துங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது இரண்டு தையலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே மூலை சேர்ந்துவிட்டது தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால் நான்கு துண்டும் ஒரே புள்ளியில் நிற்கும்.

வெட்டுவதும் வேறு மாதிரிதான். சாக்பீஸ் கோடும் கத்தரியும் நமக்குப் பழக்கம். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா கம்பெனி ரோட்டரி கட்டர் என்ற சக்கரக் கத்தியைக் கொண்டுவந்தபிறகு குயில்ட்காரர்கள் அடியில் ஒரு பாய், மேலே கண்ணாடிபோன்ற அளவுப் பட்டை வைத்து, நாலைந்து மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டுகிறார்கள். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் கேட்டுப் பழகுங்கள். சந்தோஷமாகத் தருவார்கள். கத்தி மிகவும் கூர்மை, விரல் பத்திரம்.

சாயம் விஷயம் அதைவிட முக்கியம். சுங்குடியின் சிவப்பும் நீலமும் முதல் சில துவைப்பில் விடும் என்பது மதுரைக்காரர் உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சேலையில் அது பெரிய விஷயமில்லை. வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் தைத்த சிவப்பு, குயில்ட் முழுதும் முடிந்த பிறகு முதல் துவைப்பில் இறங்கினால், மாசக்கணக்கில் செய்த வேலை ஒரே மணி நேரத்தில் கெட்டுப்போகும். உங்களுடையது பழைய சேலை, பலமுறை துவைத்தது, அதனால் ஆபத்து குறைவு. ஆனாலும் ஒரு துண்டை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். அந்த அம்மாளைப் பார்க்கும்போது, "சோதித்துவிட்டேன், சாயம் நிற்கிறது" என்று சொல்லுங்கள். குறை சொல்கிறவர்களில் பலர் இப்படி ஒரு பதிலைக் கேட்டதும் ஆசிரியராக மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். நைந்த சேலையாக இருந்தால் அடியில் மெல்லிய காடாத் துணி கொடுத்துத் தையுங்கள்.

சுங்குடி பற்றி அவர்கள் கேட்பார்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் விதத்தை ஒரு கைக்குட்டை அளவுத் துணியில் முடிச்சோடு காட்டுங்கள். ஹாலே எழுந்து வந்து பார்க்கும். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றதும் 'கந்தா' தெரியுமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அது வங்காளத்துக் கைவேலை. அதையும் நம்முடையது என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிக்கிற பழக்கம் நம் வீடுகளிலும் இருந்தது, அதைச் சொல்லுங்கள், போதும்.

இப்போது உங்கள் மகனுக்கு. அம்மாவின் உழைப்புக்கு விலை கிடைக்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. குயில்ட் தைத்துப் பிழைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் கவுண்டியில் கறுப்பினப் பெண்கள் 1966இல் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கினார்கள். ஓட்டுரிமைக்காக நின்றதற்கு வேலையையும் வீட்டையும் இழந்த குடும்பங்கள் அந்தப் பகுதியில் இருந்தன. அவர்கள் தைத்த குயில்ட்கள் நியூயார்க் கடைகள்வரை போயின. அது வயிற்றுக்காகச் சேர்ந்த சங்கம். உங்கள் கில்ட் அந்த வகை இல்லை. அங்கே போகிறவர்கள் வருமானத்துக்காகப் போவதில்லை. கணக்காகப் பார்த்தாலும், நல்ல குயில்ட் துணி கனடாவில் மீட்டர் 20 டாலருக்கு மேல் போகும். துணி, பஞ்சு, உழைப்பு எல்லாம் கூட்டிப் போட்டால் வாங்குகிறவர் தரும் விலை கட்டுவதில்லை. காசு வேண்டுமென்றால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஜிப் மாற்றுவது, பேண்ட் குட்டை செய்வது போன்ற ஆல்ட்டரேஷன் வேலைக்கு அங்கே நல்ல கூலி. கில்டில் நாலு பேருக்குத் தெரிந்தாலே வேலை தேடி வரும். விசா, வரி இரண்டையும் மட்டும் மகனை விசாரிக்கச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

சந்தாப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று அவர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். கில்டின் நூலகப் புத்தகங்கள். வகுப்புகள். உறுப்பினர் ஒருவர் வயதாகி வீட்டைக் காலி செய்யும்போதோ, காலமாகும்போதோ, அவர் வருஷக்கணக்கில் சேர்த்துவைத்த துணிகளைக் குடும்பத்தார் கில்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவை மேஜையில் சல்லிசாக வரும். கடைக்கே போகாமல் குயில்ட் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. உறுப்பினர் யாருக்காவது ஆபரேஷன் என்றால் கார்டு போகும், சாப்பாடு போகும். பனிக்காலத்தில் கார் ஓட்டாதவரை ஏற்றிக்கொண்டு போக ஒருவர் வருவார். சின்ன ஊரில், பகலில் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, உங்களுக்காக ஒரு கார் வாசலில் வந்து நிற்பதன் அருமை உங்களுக்கே தெரியும்.

நீங்கள் பைண்டிங் தைத்துக் கொடுக்கும் குயில்ட்கள் எங்கே போகின்றன என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில உள்ளூரிலேயே, வீட்டில் அடி தாங்காமல் வெளியேறிய பெண்கள் தங்கும் விடுதிக்குப் போகும். சில ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கு. கனடா முழுதும் புற்றுநோயாளிகளுக்கு அனுப்பும் 'விக்டோரியாஸ் குயில்ட்ஸ் கனடா', காயம்பட்ட ராணுவத்தினருக்குக் கொடுக்கும் 'குயில்ட்ஸ் ஆஃப் வேலர் கனடா' போன்ற அமைப்புகளுக்கும் பல கில்டுகள் தைத்துத் தருகின்றன. கணவரை இழந்து, ஊரையும் விட்டு வந்திருக்கிறீர்கள். முகம் தெரியாத ஒருவர் கஷ்டத்தில் போர்த்திக்கொள்வதற்கு உங்கள் கையால் ஓரம் கட்டிக் கொடுப்பது உங்களுக்கும் மருந்து என்று நான் நம்புகிறேன்.

ஒன்டாரியோவில் பல கில்டுகளுக்கு செப்டம்பரில் வருஷம் தொடங்கி ஜூனில் முடியும். கண்காட்சி நடக்கிற வருஷமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். பெயர் கொடுக்கும் படிவம் சில மாதம் முன்பே முடிந்துவிடும். சுங்குடி முகப்பைப் பிரிக்க வேண்டாம். பேட்டிங் வைத்து, நீங்கள் அறிந்த ஓட்டுத்தையலையே அடுக்கடுக்காகப் போட்டு முடித்துக் கண்காட்சிக்குக் கொடுங்கள். காட்சிக்கு முதல் நாள் கம்பம் நட்டு, சட்டம் தூக்கி, ஏணியில் ஏறிக் குயில்ட் மாட்ட ஆள் போதாமல் தவிப்பார்கள். மகனை அன்றைக்கு லீவு போடச் சொல்லுங்கள்.