ஏசி பெட்டிக்குக் குடை பிடிக்கலாமா? டெல்லி வாசகர்களின் கேள்விகள்

மே மாதம் பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி, வெளியே மாட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பற்றித்தான். 2024 மே 29 அன்று சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி அடித்தது, அதிலிருந்து ஆளாளுக்கு அதற்கு நிழல் கட்டக் கிளம்பிவிட்டார்கள். இந்த முறை வந்தவற்றில் சில இங்கே.

துவாரகாவில் நான்காம் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவுட்டோர் யூனிட்டில் நேர் வெயில். மேலே தகரம் போட்டு, சுற்றிப் பச்சை வலை கட்டினால் கரண்ட் பில் குறையுமா சார்?

தகரம் இருக்கட்டும், வலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து எடுக்கும் சூடு 5,200 வாட் சொச்சம், அதோடு கம்ப்ரஸர் தின்னும் கரண்ட் ஒரு 1,500, ஆகக் கிட்டத்தட்ட 7,000 வாட் சூட்டை அந்தப் பெட்டி வெளியே தள்ளியாக வேண்டும். பெட்டியின் மேல்தட்டு 80 செ.மீ.க்கு 30 செ.மீ. இருக்குமா? உச்சி வெயில் முழுசாக விழுந்தாலும் அதில் 250 வாட்டைத் தாண்டாது, வெள்ளை பெயின்ட் அதிலும் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்காவில் புளோரிடா சூரிய ஆற்றல் மையத்துக்காரர்கள் 1990களில் வீடுகளில் இதை அளந்தே பார்த்தார்கள். பெட்டிக்கு மட்டும் நிழல் கொடுத்ததில் மிச்சம் 3 சதவீதத்துக்கும் கீழே.

பெட்டிக்கு வேண்டியது காற்று. பின்னாலும் பக்கவாட்டிலும் உள்ள காயில் (சூட்டை வெளியே விடும் குழாயும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த அடுக்கு) வழியாகக் காற்றை இழுத்து முன்பக்கம் வீசுகிறது இல்லையா, வலை கட்டினால் வீசிய சூடு வலையில் முட்டித் திரும்பும், அதையே மறுபடி இழுக்கும். வெளியே 43 டிகிரி என்றால் காயிலுக்கு வருவது 50. அப்புறம் கூலிங் எங்கிருந்து வரும்? முன்னால் ஒரு மீட்டராவது திறந்திருக்கட்டும், பின்சுவருக்கு ஒரு சாண், தகரம் போடுவதானால் ஒரு முழம் உயரத்தில், முன்பக்கம் சரிந்து தொங்காமல்.

அந்தக் காசை மேற்கு ஜன்னலுக்குச் செலவழியுங்கள். ஜூனில் டெல்லியில் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது, அதனால் தெற்குச் சுவர் தப்பித்துவிடும், அடி வாங்குவதெல்லாம் மேற்குச் சுவர்தான். ஜன்னலுக்கு வெளியே சிக் என்கிற மூங்கில் குச்சித் திரை ஒன்றைத் தொங்கவிட்டால், உள்ளே எத்தனை கனமான திரை போட்டாலும் கிடைக்காத பலன் கிடைக்கும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரை என்ன செய்யும்?

மயூர் விஹாரில் தரைத்தள வீடு. கிரில்லில் ரங்கூன் மல்லி ஏற்றியிருக்கிறேன், இப்போது ஏசி பக்கம் நகர்கிறது. விடலாமா?

விடாதீர்கள் அம்மா. இதில் நானே பட்டிருக்கிறேன். கொத்துக் கொத்தாகச் சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கிறதே என்று எங்கள் வீட்டில் அதே கொடியைப் பெட்டிமேல் படர விட்டு ரசித்துக்கொண்டிருந்தோம். ஜூன் மாதம் தினமும் மூன்று மணிக்கு ஏசி தானாக நின்றது. ஊர் ஏசிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற நான் அப்போது வெளியூரில், வீட்டுக்கு வந்த மெக்கானிக் கேஸ் குறைவு என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து பின்பக்கம் கையை விட்டால், காயில் முழுக்கக் காய்ந்த இலையும் பூவும் அப்பிக்கிடக்கிறது, ஒரு கொடி நுனி ஃபேன் கம்பிக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறது. அன்றைக்கே வெட்டினேன். வீட்டில் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

கொடியை ஒரு மீட்டர் தள்ளி மேற்குச் சுவருக்குத் திருப்பிவிடுங்கள், சுவருக்கும் நிழல் ஆயிற்று. இடமிருந்தால் கொஞ்சம் எட்ட ஒரு சம்பா மரம் (நம்மூர் ஈழத்தலரி, செண்பகம் இல்லை) வையுங்கள், கோடையில் நிழல், குளிர்காலத்தில் இலை கொட்டி வெயிலை உள்ளே விடும்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். ஏப்ரல் கடைசியில் சர்வீஸ் செய்தோம், மே நடுவிலேயே கூலிங் இல்லை. வாசலில் பெரிய செமல் மரம்.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. செமல் என்றால் நம்மூர் முள்ளிலவு. காய் வெடித்துப் பறக்கும் பஞ்சையெல்லாம் உங்கள் பெட்டி உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்கிறது, மேலே ஆந்தி என்கிற புழுதிப் புயல் வேறு. விரலால் ஒரு ஓரத்தைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள், காயில்மேல் சாம்பல் நிறக் கம்பளி போல ஒரே விரிப்பாக உரிந்து வரும். மெயினை அணைத்துவிட்டு மெல்லிய பிரஷ், பிறகு அழுத்தமில்லாத தண்ணீர். பிரஷ்ஷர் பம்ப் அடித்தால் தகட்டு இதழ்கள் மடங்கிவிடும். பஞ்சு பறக்கிற வாரங்களில் சர்வீஸ் செய்தால் வீண், பறந்து முடிந்தபின் செய்யுங்கள்.

வெட்டிவேர்த் தட்டியைப் பின்னால் கட்டித் தண்ணீர் விட்டால்?

காற்று குளிர்ந்துதான் வரும். ஆனால் தட்டி காற்றைத் தடுக்கும், போர்வெல் உப்புத்தண்ணீர் தெறித்துக் காயிலில் வெள்ளையாகப் படியும். வெட்டிவேரை ஜன்னலில் கட்டுங்கள், வாசனையாவது மிஞ்சும்.

ஏசி தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

தாராளமாக. உப்பே இல்லாத தண்ணீர், கறிவேப்பிலைத் தொட்டிக்கு நல்லது. குடிக்க மட்டும் வேண்டாம். மே மாத வறட்டுக் காற்றில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், ஜூலை புழுக்கத்தில் பக்கெட் பக்கெட்டாக. ஒன்று கவனிக்க வேண்டும், குழாய் முனை சுவரில் ஒழுகக் கூடாது. ஈர விரிசலில் பறவை எச்சம் விழுந்தால் அரசங்கன்று முளைக்கும், வேர் ஓடிய பிறகு சுவரோடுதான் வரும். அரசை வெட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால், இரண்டு இலை விடும்போதே பிடுங்கித் தொட்டியில் நட்டுவிடுங்கள், பாவமும் இல்லை.

அவுட்டோர் யூனிட் ஃபேனுக்கு எதிரே வைத்த துளசி ஒரே வாரத்தில் கருகிவிட்டது, ஏன்?

50 டிகிரிக்கு மேல் சூடான காற்று நாள் முழுக்க முகத்தில் அடித்தால் நீங்களும் நானும்கூட அப்படித்தான் ஆவோம். துளசியைப் பக்கவாட்டில் எட்டி வையுங்கள். அந்த இடத்தில் தாக்குப்பிடிப்பது போகன்வில்லா, கற்றாழை, அவ்வளவுதான், அதுவும் ஒரு மீட்டர் தள்ளி.

குளிர்காலத்தில் பிளாஸ்டிக் உறை போடலாமா?

மேலே மட்டும் மூடுங்கள். முழுசாகச் சுற்றினால் உள்ளே ஈரம் நிற்கும், எலி குடியேறி ஒயரைக் கடிக்கும். மார்ச்சில் உறையை எடுத்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். வருஷத்துக்கு இரண்டு பேராவது மறந்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார்கள்.