மூன்று நாளில் வந்த குழப்பம் மறதி நோய் முற்றியதாக இருக்காது

சகோதரி, தண்டையார்பேட்டையில் உங்கள் அம்மாவுக்கு மூன்றே நாளில் பேச்சு குழம்பிவிட்டது, அல்சைமர் முற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மனம் விட்டுவிடாதீர்கள். அல்சைமர் மெல்ல மெல்லத்தான் இறங்கும். இது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பம். இதைத் தூண்டக்கூடிய சிறுநீர்த் தொற்று, முதியவர்களுக்குக் காய்ச்சல்கூடக் காட்டாமல் வரலாம். அந்தத் தொற்றால் உண்டாகும் அழற்சியின் சமிக்ஞை மூளையை எட்டி, அல்சைமரால் ஏற்கெனவே உசுப்பப்பட்ட மைக்ரோக்ளியா என்னும் மூளையின் காவல் செல்களை மேலும் கிளறிவிடுகிறது.

சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் குளோர்பெனிரமைன் என்ற ஒவ்வாமை மருந்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். மறதி நோய்க்காக அம்மா சாப்பிடும் டோனெபெசில் மாத்திரை, நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் சீக்கிரம் சிதையாமல் காக்கிறது. சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமைனோ அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கிறது. ஒரு கை கொடுப்பதை மறுகை பிடுங்கிக்கொள்வது போலத்தான். மருத்துவர் பார்க்கும்வரை அந்தச் சளி மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

இன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போங்கள். "போன வாரம் நன்றாகப் பேசினார்" என்பதை முதலில் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பழைய மறதி என்று நினைத்துவிடக்கூடும். சிறுநீர், சர்க்கரை, ரத்த சோடியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.