வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களில் உங்களைக் கவர்ந்தவை எவை?

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஊஹ்ட்சேரெ’. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலம். ‘ஊஹ்ட்’ என்பது விடிவதற்கு முந்தைய இருட்டு வேளை, நம் வைகறை. ‘சேரெ’ என்றால் கவலை. இன்றைய ‘கேர்’ அதன் வழி வந்ததுதான். பொழுது புலரும் முன்பே விழிப்புத் தட்டி, மனம் ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி வருமே, அதற்கென்று தனிச் சொல்! 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட, பழைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பான எக்ஸிடர் சுவடியில், கணவனைப் பிரிந்த ஒரு பெண் பாடுவதாக அமைந்த பாடலில் இது வருகிறது. கடல் கடந்து போனவன் எந்த நாட்டில் இருக்கிறானோ என்று வைகறையில் கலங்கினேன் என்கிறாள். பாடலை இயற்றியவர் பெயர் கிடையாது. பிஷப் லியோஃப்ரிக் கொடுத்த அந்தத் தோல் சுவடி இன்றும் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரப் பேராலய நூலகத்தில் இருக்கிறது. பிரிவாற்றாமையைப் பாடும் பாடல்களோடு வளர்ந்த நமக்கு அந்த வரி அந்நியமாகவே படாது.

பழைய ஆங்கிலம் பேசிய அந்த மக்கள் நாட்களை இரவுகளால் எண்ணினார்கள். ‘ஃபார்ட்நைட்’ என்றால் பதினான்கு இரவு. அதன் தங்கை ‘செனைட்’, ஏழு இரவு, அதாவது ஒரு வாரம். ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் ஜேன் ஆஸ்டின் நாவல்களிலும் செனைட் உண்டு. பிறகு ‘வீக்’ அதை விழுங்கிவிட்டது. அவர்களின் மூதாதையரான ஜெர்மானியர் பகலை எண்ணாமல் இரவை எண்ணுகிறார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98 வாக்கிலேயே எழுதியிருக்கிறார். நாளை மறுநாளைக்கும் ‘ஓவர்மாரோ’ என்ற ஒற்றைச் சொல் இருந்தது. 1535இல் வந்த, கவர்டேல் என்பவரின் ஆங்கில பைபிளில் பார்க்கலாம். இவ்வளவு பயனுள்ள சொல்லை ஒரு மொழி ஏன் கைவிட்டது என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

ஆனால் செத்த பிறகும் போகாத சொல் ஒன்று உண்டு: ‘வெர்’. பழைய ஆங்கிலத்தில் ‘மன்’ என்றால் ஆண் பெண் யாராயினும் மனிதர். ஆணுக்கு ‘வெர்’, பெண்ணுக்கு ‘வீஃப்’. பின்னாளில் ‘மன்’ ஆணுக்கு உரியதாகச் சுருங்க, ‘வெர்’ இடமிழந்தது. ஆனாலும் ‘வேர்வுல்ஃப்’ என்னும் ஓநாய் மனிதனில் அது ஒளிந்திருக்கிறது. ‘வேர்ல்ட்’ என்ற சொல்லிலும் அதுதான்: மனிதனின் காலம் என்பது அதன் மூலப்பொருள். ஓர் உயிரைக் கொன்றால் உறவினருக்குக் கொடுக்கவேண்டிய ஈட்டுத்தொகைக்கு ‘வெர்கில்ட்’, ஆளின் விலை, என்று பெயர். இங்கிலாந்தின் பழைய அரசுகளில் ஒன்றான வெஸ்ஸெக்ஸின் சட்டத்தில் சாதாரணக் குடியானவனின் விலை 200 ஷில்லிங், பிரபுவின் விலை 1,200. அந்தத் தொகையைக் கொண்டே ஆட்களை ‘இருநூற்றார்’, ‘பன்னிருநூற்றார்’ என்று அழைத்தார்கள். ஒரு சமூகம் தன் மக்களை எப்படி நிறுத்துப் பார்த்தது என்பதை இதைவிட நேராக எந்த வரலாற்றுப் பாடமும் எனக்குச் சொன்னதில்லை.

‘வீஃப்’ இன்று மனைவியாகிவிட்டது. ஆனால் ‘மிட்வைஃப்’ என்பதில் அதன் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. ‘மிட்’ என்றால் உடன். ஆக, பிரசவிக்கும் பெண்ணுடன் இருப்பவர். அதிலுள்ள ‘வைஃப்’ மருத்துவச்சி அல்ல, தாய். அதனால்தான் அந்த வேலையைச் செய்யும் ஆணுக்கும் அதே பெயர் பொருந்துகிறது.

இரக்கம் என்ற பொருளில் ‘ரூத்’ இருந்தது. இப்போது இரக்கமற்ற ‘ரூத்லெஸ்’ மட்டும் நடமாடுகிறது.

இணையத்தில் சுற்றும் ‘அரிய சொற்கள்’ பட்டியல்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள். ‘அப்ரிசிட்டி’, குளிர்கால வெயிலின் இதம், எல்லாப் பட்டியலிலும் வரும். அழகான சொல்தான். ஆனால் அது ஹென்றி காக்கெரம் 1623இல் வெளியிட்ட அகராதியில் இருந்து எடுத்தது. அகராதிக்கு வெளியே அன்று யாரும் அதைப் புழங்கியதற்குச் சான்று மிக அரிது. அக்கால அகராதிக்காரர்கள் லத்தீன் சொற்களுக்கு ஆங்கில வால் ஒட்டிப் பக்கம் நிரப்புவது வழக்கம். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டோடு மேற்கோள் தருகிறது. அங்கே மேற்கோளாக இன்னொரு அகராதி மட்டும் நின்றால், அந்தச் சொல்லை நான் விட்டுவிடுவேன். ஒரு கடிதமோ நாடகமோ வழக்குப் பதிவோ இருந்தால், உட்கார்ந்து முழுவதும் படிப்பேன்.